மணக்கும் ரோஜா: மூக்கைக் கேட்டு வாங்குங்கள்

ரோஜாவின் மணம் ரகத்தோடு பிறப்பது. மணமில்லாத ரகத்துக்கு எத்தனை கூடை எரு கொட்டினாலும் பூ பெருக்கும், நிறம் ஏறும். வாசனை மட்டும் வராது. நல்ல மணமுள்ள ரகத்தை அரைகுறையாகப் பார்த்துக்கொண்டால்கூட, பூக்கிற நாலு பூவும் வாசல்வரை மணக்கும். வீட்டில் வாசனை ரோஜா வளர்க்க நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். உரம், தண்ணீர், கவாத்து எல்லாம் அதற்குப் பிறகு. அவை செடியைத் திடமாக வைத்திருக்கும், இருக்கிற மணத்தை முழுதாக வெளியே கொண்டுவரும். இல்லாத மணத்தை உண்டாக்கித் தராது.

இங்கே சொல்வதெல்லாம் பாலசமுத்திரம் பகுதியை மனதில் வைத்து. சித்தூர் மாவட்டத்தில் தமிழக எல்லையோரம், பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இந்தப் பகுதியில் பூவுக்கு வேலை இல்லாத நாளே கிடையாது. ஒரு பக்கம் திருத்தணி. ஆடிக் கிருத்திகை வந்தால் பூக்காவடிகள் மலையேறும். 1960 ஏப்ரல் வரை அந்த ஊரும் சித்தூர் மாவட்டத்தோடுதான் இருந்தது. இன்னொரு பக்கம் திருப்பதி. திருமலையில் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பது மரபு. அங்கே யாரும் தலையில் பூ வைத்துக்கொள்வதில்லை. கார்த்திக மாதப் புஷ்ப யாகத்துக்கு ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றிலிருந்தும் பூக்கள் போய்ச் சேரும். அவற்றில் ரோஜாவும் உண்டு.

இப்படிப்பட்ட பகுதியில் வீட்டுக்கு வீடு ரோஜாத் தொட்டி இருப்பதில் வியப்பில்லை. வியப்பு வேறு: அந்தத் தொட்டிகளில் பூக்கும் ரோஜாக்களில் பலவற்றுக்கு மணமே இல்லை. செடி வாங்கும்போது கண்ணுக்குக் கொடுக்கிற இடத்தை மூக்குக்குக் கொடுக்காததுதான் காரணம். நர்சரி வண்டியில் பளிச்சென்று தெரிவது பெரிய மொட்டும் அடர்ந்த நிறமும். அந்த இரண்டுக்காகவும், நீண்ட தண்டுக்காகவும், வெட்டிய பின் பல நாள் வாடாமல் நிற்பதற்காகவும் உருவாக்கப்பட்டவை கொய்மலர் ரகங்கள். ஓசூர், தளி பக்கம் பசுமைக் குடில்களில் வளர்த்து காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் ரோஜாக்கள் இந்த வகை. தேர்வு செய்து செய்து நிறத்தையும் ஆயுளையும் சேர்த்த தலைமுறைகளில் மணம் கவனிப்பாரற்றுக் கழன்றுபோனது. பூங்கொத்துக்கு அவை சரி. வாசலில் வைத்து வளர்க்க அவற்றைத் தேடிப் போவது வீண்.

மணம் எங்கிருந்து வருகிறது

ரோஜாவில் மணத்தைச் செய்கிற இடம் இதழ். இதழின் மேல்தோலில் கூம்பு கூம்பாக நெருங்கி நிற்கும் செல்கள், எளிதில் ஆவியாகும் பொருள்களை உண்டாக்கிக் காற்றில் விடுகின்றன. அத்தருக்கு ஆதாரமான டமாஸ்க் ரோஜாவின் எண்ணெயில் மட்டும் நூற்றுக்கணக்கான பொருள்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை சில: ரோஜாவுக்கே உரிய இனிப்பு மணத்தைத் தரும் பீனைல் எத்தனால், ஜெரானியால், சிட்ரோனெல்லால், நெரால். டாமசினோன் என்று ஒன்று உண்டு. எண்ணெயில் அதன் அளவு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மிக மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடுவதால், ரோஜா மணத்தில் பெரும்பங்கு அதனுடையது. இந்தப் பொருள்களின் விகிதம் ரகத்துக்கு ரகம் மாறும். ஒரு ரோஜா தேயிலை மாதிரியும், இன்னொன்று எலுமிச்சை மாதிரியும், மற்றொன்று கிராம்பு மாதிரியும் மணப்பது அதனால்தான்.

மணமுள்ள ரகத்துக்கும் மணமற்ற ரகத்துக்கும் உள்ள வேறுபாட்டை 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை தெளிவாகக் காட்டியது. பாப்பா மெய்லாந்து என்ற கருஞ்சிவப்பு ரோஜா மணத்துக்குப் பெயர் போனது. ரூஜ் மெய்லாந்தில் மணம் பேருக்குத்தான். இரண்டையும் ஒப்பிட்டபோது, ஜெரானியால் உருவாக உதவும் ஒரு நொதியின் மரபணு முன்னதில் சுறுசுறுப்பாகவும் பின்னதில் ஏறத்தாழ அடங்கியும் இருந்தது. மற்ற பல பூக்களில் இந்த வேலையைச் செய்வது முற்றிலும் வேறு நொதி என்பதால் ஆய்வாளர்களுக்கே அது எதிர்பாராத முடிவு. வீட்டுத் தோட்டக்காரருக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: ‘வாசனை வரவைக்கும் மருந்து’ என்று கடையில் எதை நீட்டினாலும் வாங்க வேண்டியதில்லை.

மணம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. பூ பாதி விரிந்த நிலையில், காலை இளவெயிலில், காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போது உச்சத்தில் இருக்கும். நடுப்பகல் வெயிலில் மணப்பொருள்கள் விரைவாக ஆவியாகித் தீர்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் இந்தப் பக்கத்தில், அதே செடியின் பூ சிறுத்து, இதழ் குறைந்து, மணமும் மங்கித்தான் இருக்கும். மார்கழி, தை மாதப் பூவை வைத்துத்தான் ஒரு ரகத்தை எடைபோட வேண்டும்.

எந்த ரகம்

இந்த வெயிலுக்கும் செம்மண்ணுக்கும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கூடியது பன்னீர் ரோஜா. இளஞ்சிவப்பில், கலைந்த மாதிரி நெருக்கமான இதழ்களோடு, கொத்துக் கொத்தாகப் பூப்பது. மாலை கட்டுபவர்கள் கிலோக் கணக்கில் வாங்குவது. வேளாண் நூல்களில் இதன் பெயர் எட்வர்ட் ரோஜா. இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரியூனியன் தீவுக்குப் பழைய பெயர் பூர்போன். அங்கே வயல் வேலிகளில் சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் சேர்ந்து வளர்ந்தபோது தானாகக் கலந்து பிறந்தது இந்த இனம் என்பது ரோஜா வரலாற்றாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கதை. 1819 வாக்கில் அதன் விதை பாரிசுக்குப் போய், பூர்போன் ரோஜாக்கள் என்ற ஒரு பெரிய குடும்பமே உருவானது. டமாஸ்க்கிடமிருந்து மணத்தையும், சீன ரோஜாவிடமிருந்து அடிக்கடி பூக்கும் குணத்தையும் எடுத்துக்கொண்டதால்தான் தென்னிந்தியச் சமவெளியில் இதற்கு இணை இல்லை.

நர்சரிக்காரர்கள் சிலர் இதையே டமாஸ்க் என்று சொல்லி விற்கிறார்கள். அசல் டமாஸ்க் வேறு. கன்னோஜ் அத்தருக்கும் பல்கேரியாவின் கசன்லக் எண்ணெய்க்கும் ஆதாரமான அது, நல்ல குளிர்காலம் கண்டால்தான் ஒழுங்காகப் பூக்கும். அதுவும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு பருவம். லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் வெளியிட்ட நூர்ஜஹான், ராணி சாகிபா போன்ற டமாஸ்க் தேர்வுகள் வடநாட்டுச் சமவெளிக்குப் பொருந்தியவை. பாலசமுத்திரத்து வெப்பத்தில் அவை இலையாகவே நிற்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது ஆந்திரா சிவப்பு ரோஜா. உதிரிப்பூச் சாகுபடிக்கு எட்வர்டோடு சேர்த்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் ரகம். நல்ல சிவப்பு, வெயிலைத் தாங்கும், பூ நிறையக் கொடுக்கும். மணம் பன்னீர் ரோஜாவுக்கு ஈடாகாது. தினமும் சாமி படத்துக்குப் பூ வேண்டும் என்பவர்களுக்கு இது போதும். வட இந்தியத் தோட்டங்களில் சுர்க்கா என்று அறியப்படும் கிரஸ் ஆன் டெப்லிட்ஸ் இன்னொரு பழைய சிவப்பு. 1897-இல் வந்தது, மணத்தில் குறை சொல்ல முடியாது, வெயிலையும் பொறுத்துக்கொள்ளும். தென்னாட்டு நர்சரிகளில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

பெரிய பூவும் வேண்டும், மணமும் வேண்டும் என்பவர்களுக்குக் கலப்பின டீ ரோஜாக்களில் நல்ல தேர்வுகள் உண்டு: கிரிம்சன் குளோரி (1935), பாப்பா மெய்லாந்து (1963), மிஸ்டர் லிங்கன், ஒக்லஹோமா (இரண்டும் 1964), வெள்ளையில் சிவப்பு விளிம்பு ஏறும் டபுள் டிலைட் (1977), பவழ நிற ஃபிராக்ரன்ட் கிளவுட். ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கருஞ்சிவப்பு இதழ் வெயிலை உறிஞ்சி ஓரம் கருகும்; மாலை வெயில் படாத இடம்தான் அவற்றுக்குச் சரி. பாப்பா மெய்லாந்து சாம்பல் நோய்க்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும். முதல் ரோஜாச் செடி வாங்குபவர் அதில் தொடங்காமல் இருப்பது நல்லது.

இந்திய வெயிலுக்கென்றே மணமுள்ள ரோஜாக்களை உருவாக்கியவர்கள் இருக்கிறார்கள். கோதுமை மரபியல் அறிஞரும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநருமான பி.பி. பால், ஓய்வு நேரத்தில் ரோஜாக் கலப்பு செய்தவர். 1962-இல் வந்த அவருடைய ரோஸ் ஷெர்பெட் இன்றும் மணத்துக்காகப் பேசப்படுகிறது. ஆந்திரப் பிரிவு இ.ஆ.ப. அதிகாரியாக இருந்து, முன்கூட்டியே ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ். வீரராகவனின் வழி வேறு. ஐரோப்பியக் குளிருக்குப் பழகிய ரோஜாக்களையே திரும்பத் திரும்பக் கலப்பதால் வெப்ப நாட்டுக்குப் பயனில்லை என்பது அவர் வாதம். மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியா, ஆற்றங்கரை ஈரத்தில் வளரும் ரோசா கிளைனோஃபில்லா என்ற இரண்டு இந்தியக் காட்டு ரோஜாக்களைப் பெற்றோராக வைத்து அவரும் மனைவி கிரிஜாவும் பல ரகங்களை உருவாக்கினார்கள். தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாள் பெயரில் ஒரு மஞ்சள் ரோஜா அவற்றில் ஒன்று. வெப்ப நாட்டு ரோஜா எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நம் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட சரியான பதில் இந்த வழிதான். துரதிருஷ்டம், சாதாரண நர்சரியில் இந்த ரகங்கள் கிடைப்பதில்லை.

ஒரே இடத்தில் பல ரகங்களைப் பார்க்கவும் முகரவும் விரும்புபவர்கள் உதகை அரசு ரோஜாப் பூங்காவுக்குப் போகலாம். 1995-இல் மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டையொட்டித் தொடங்கியது. 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு அதைச் சிறந்த பூங்காக்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அங்கே குளிரில் செழிக்கும் செடி இங்கே பிழைக்கும் என்று நம்பி வாங்கிவிடக் கூடாது.

வாங்குவதும் நடுவதும்

ராஜமுந்திரி அருகே கடியம் நர்சரிகளிலிருந்தும், ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்தும் ரோஜாச் செடிகள் இந்தப் பகுதிக்கு வருகின்றன. மொட்டு மட்டும் வைத்த செடியை வாங்காமல், ஒரு பூவாவது விரிந்திருக்கும் செடியைத் தேர்ந்து, காலையிலேயே போய் முகர்ந்து பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். படம் போட்ட ரகப்பெயர் அட்டையை நம்புவதைவிட மூக்கை நம்பலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று ஒட்டு. பெரிய பூ ரகங்கள் பெரும்பாலும் மொட்டு ஒட்டுக் கட்டியவை. மண்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டு முடிச்சு மாதிரி புடைத்திருக்கும் இடம் அது. கீழே இருப்பது காட்டு ரோஜாவின் வேர். மேலே இருப்பது வாங்கிய ரகம். ஓராண்டில் ‘ரோஜா மாறிவிட்டது’, ‘சின்னச் சின்னதாக வெள்ளைப்பூ வருகிறது’, ‘இலைதான் வருகிறது, பூவே இல்லை’ என்று வீடுகளில் கேட்கும் புகார்கள் பெரும்பாலானவற்றுக்கும் வேர் இந்த முடிச்சுக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் தளிர் நெட்டையாக, வெளிறிய பச்சையில், முள் குறைவாக அல்லது முள்ளே இல்லாமல் வரும். ஒரு காம்பில் ஏழு அல்லது ஒன்பது சிற்றிலைகள் இருக்கும். பூ ரகத்தில் பெரும்பாலும் ஐந்துதான். வளர்த்தி வேகத்தைப் பார்த்து மகிழ்ந்து அதை விட்டுவிட்டால், ஒட்டின் மேற்பகுதி பட்டினி கிடந்து சாகும். அந்தத் தளிரைக் கத்தரிக்கோலால் நறுக்கினால் இரண்டாகக் கிளைக்கும். மண்ணைத் தோண்டி, பிறக்கும் இடத்திலேயே பிடித்துக் கிழித்து எடுக்க வேண்டும். பன்னீர் ரோஜாவைக் குச்சியிலிருந்து வளர்த்தால் இந்தத் தொல்லையே கிடையாது. வேரும் அதுவே, பூவும் அதுவே.

நிலத்தில் நட்டால் ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி. தோண்டிய மண்ணோடு பத்து கிலோ மக்கிய தொழு உரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து மூடி, ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். மொட்டை மாடியிலோ திண்ணையிலோ என்றால் தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெரிய பூ ரகத்துக்கு 14 அங்குலம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஆற்று மணலோ கழுவிய தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கு. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு வேரைச் சுடும். இடம் எது என்றால், காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் நேராகப் படும் கிழக்குப் பக்கம். நிழலில் வைத்த ரோஜா இலையைத்தான் தரும்.

தண்ணீரும் உரமும்

இந்தப் பகுதியில் ரோஜா சரியாக வராததற்கு நோயைவிட, பூச்சியைவிடப் பெரிய காரணம் போர்த் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண் தொட்டியின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பூச்சு படியும். மண்ணின் காரத்தன்மை ஏறும். ரோஜாவுக்கு அமில காரக் குறியீடு 6-லிருந்து 7-க்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். பலர் அதைத் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் அதே தண்ணீரை ஊற்றுகிறார்கள்.

மழைநீரைப் பிடித்து வைத்துக் கொடுப்பதுதான் முதல் மருந்து. இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் பகுதி இது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பீப்பாய் நிறைத்து வைப்பது பெரிய காரியமல்ல. மாதம் ஒருமுறை தொட்டியில் மழைநீரையோ நல்ல தண்ணீரையோ நிறைய ஊற்றி, அடித் துளை வழியே வடியவிட்டால் தேங்கிய உப்பு கரைந்து போகும். மஞ்சள் தளிருக்கு லிட்டர் நீரில் 2 கிராம் அன்னபேதி உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் தெளித்தால் பத்துப் பதினைந்து நாளில் பச்சை திரும்பும். நீர் விடும் நேரம் காலை. விட வேண்டிய இடம் வேர், இலையல்ல. விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றலாம். கோடையில் தொட்டிக்குத் தினமும் வேண்டியிருக்கும்.

மண்ணை மூடி வைப்பது தண்ணீர் விடுவதற்கு இணையான வேலை. கரும்பு விளையும் ஊரில் கரும்புச் சோகைக்குப் பஞ்சமில்லை. மூன்று விரற்கடை கனத்துக்குச் செடியைச் சுற்றிப் பரப்பி, தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டால் போதும். மண் சூடேறாது, ஈரம் நிற்கும், மக்கினால் உரமும் ஆகும்.

உரத்தில் கடலை விளையும் இந்த மாவட்டத்துக்குக் கைவசம் இருப்பது கடலைப் புண்ணாக்கு. நூறு கிராமை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேரில் விட்டால் போதும். மாதம் ஒரு கை மண்புழு உரம். நிலத்துச் செடிக்கு அக்டோபரிலும் ஜூலையிலும் பத்து கிலோ தொழு உரமும், தழை, மணி, சாம்பல் சத்து முறையே 6, 12, 12 கிராமும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. யூரியாவை அள்ளிப் போட்டால் தளிர் கொழுத்து அசுவினியை அழைக்கும். முட்டை ஓடு பற்றி ஒரு வார்த்தை: அதில் இருப்பது சுண்ணாம்பு. சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றும் வீட்டில் அதையும் சேர்த்துப் போடுவது செடிக்கு உதவி இல்லை, உபத்திரவம். டீத்தூளைப் பாலும் சர்க்கரையும் போகக் கழுவி, காயவைத்துப் போட்டால் கெடுதல் இல்லை; கழுவாமல் போட்டால் எறும்பு வரும்.

கவாத்து

ரோஜா புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். வெட்டாமல் விட்ட செடி உயரமாகிக் கொண்டே போய், உச்சியில் நாலு பூவோடு நிற்கும். ஆண்டுக் கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலம். வெட்டியதிலிருந்து பூ வர ஏறத்தாழ 45 நாள். நவம்பர் கடைசியில், மழை ஓய்ந்த இரண்டு நாளைப் பார்த்து வெட்டினால் பொங்கலுக்குப் பூ நிச்சயம். போன பருவத்துக் கிளைகளைப் பாதியாகக் குறைத்து, காய்ந்தது, குறுக்கே ஓடுவது, பென்சிலைவிட மிக மெலிந்தது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குப் பூ வேண்டுமென்றால் ஜூனில் நுனிகளை மட்டும் லேசாக வெட்டலாம். கடும் வெயிலில் ஆழமாக வெட்டுவது செடியைக் கொல்லும்.

வெட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் கவனம் தேவை. செடியின் வெளிப்பக்கம் பார்த்திருக்கும் ஒரு கணுமொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, அதன் எதிர்ப்பக்கமாகச் சரிவாக வெட்ட வேண்டும். வெட்டுவாயில் நடுச்சோறு வெள்ளையாக இருந்தால் கிளை நலம். பழுப்பாக இருந்தால் வெள்ளை தெரியும்வரை இன்னும் கீழே வெட்டிக்கொண்டே போகலாம். நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கி முழுக் கிளையையும் சாகடிக்கும் நுனிக்கருகல் நோய் இந்த வெட்டுவாய் வழியாகத்தான் நுழைகிறது. போர்டோ பசையோ, காப்பர் ஆக்சி குளோரைடைக் குழைத்த பசையோ தடவுவது அதற்குக் காப்பு. மஞ்சளைக் குழைத்துப் பூசும் வழக்கமும் உண்டு. ஒன்றும் பூசாததைவிட மேல், தாமிரத்துக்கு ஈடு இல்லை. அன்றாடம் பூப் பறிக்கும்போதும் காம்போடு, ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்கு மேலே வெட்டினால் அங்கிருந்து அடுத்த பூங்கிளை வரும்.

பூச்சியும் நோயும்

கோடையில் சிவப்புச் சிலந்தி, மழையில் கரும்புள்ளி, பனியில் சாம்பல் நோய். மூன்றுக்கும் காலம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சிலந்தி கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. இலை மேலே பொடிப்பொடியாக வெளுத்திருந்தால், கீழே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து இலையைத் தட்ட வேண்டும். தாளில் விழுந்த தூசி நகர்ந்தால் அது சிலந்தி. வறண்ட சூட்டில்தான் பெருகும் என்பதால், காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி போய்விடும். இலைப்பேன் மொட்டுக்குள் புகுந்து இதழைச் சுரண்டும். பூ ஓரம் பழுத்து, கோணலாக விரியும். அப்படிப்பட்ட மொட்டைக் கிள்ளி எரித்துவிட வேண்டும்; செடிக்கடியில் போடக் கூடாது. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த பின் அடிக்கலாம்.

கரும்புள்ளிக் காளான் இலையில் ஏற, இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். மாலையில் செடி மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் அதற்கு விருந்து வைப்பது. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்றாவிட்டால் அடுத்த மழையில் அதே இலையிலிருந்து மறுபடி ஏறும். சாம்பல் நோய்க்கு நனைந்த இலை வேண்டாம். குளிர்ந்த இரவும் காய்ந்த பகலும் போதும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் அதற்கு மருந்து. வெயில் ஏறிய மாதங்களில் கந்தகம் இலையைக் கருக்கும். பங்குனிக்குப் பிறகு வேண்டாம்.

பறிப்பதும் பயன்படுத்துவதும்

மணம் வேண்டிப் பறிக்கும் பூவை வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். கன்னோஜிலும் கசன்லக்கிலும் விடியலிலேயே பறிப்பை முடிப்பது இதற்காகத்தான். அங்கே ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் பூ செலவாகும். வீட்டில் எண்ணெய் எடுக்க முடியாது. பன்னீர் எடுக்க முடியும். பீனைல் எத்தனால் தண்ணீரில் நன்றாகக் கரைவதால் வீட்டுப் பன்னீரே போதிய மணம் தரும். அகலமான பாத்திரத்தின் நடுவில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் சிறு கிண்ணம். சுற்றிலும் பன்னீர் ரோஜா இதழ், இதழ் மூழ்கும் அளவு தண்ணீர். மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே பனிக்கட்டி. சிறு தீயில் கொதிக்கும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். தண்ணீர் வற்றுவதற்கு முன் அடுப்பை அணைக்க வேண்டும். வற்றினால் தீய்ந்த வாடை ஏறிவிடும்.

குல்கந்துக்கு இதழும் கற்கண்டுத் தூளும் சம எடை. கண்ணாடி ஜாடியில் அடுக்கடுக்காகப் போட்டு, மூன்று நான்கு வாரம் வெயிலில் வைத்து, இடையிடையே கிளற வேண்டும். மருந்து அடித்த செடியின் பூ இதற்கு ஆகாது. நர்சரியிலிருந்து வந்த செடியின் முதல் சில மாதப் பூக்களும் கூடாது. அங்கே என்ன அடித்தார்கள் என்பது வாங்கியவருக்குத் தெரியாது. கடையில் வாங்கும் மாலை ரோஜாவில் குல்கந்து செய்வதும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டியது.

தொட்டிச் செடிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மண் மாற்ற வேண்டும். கவாத்து செய்த கையோடு, வேரின் வெளிச்சுற்றை இரண்டு விரற்கடை சீவிவிட்டு, புது மண்ணில் வைத்து, ஒரு வாரம் நிழலில் நிறுத்தலாம்.

கவாத்தில் வெட்டிய பன்னீர் ரோஜாக் குச்சிகளை எறியத் தேவையில்லை. பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளம், மூன்று நாலு கணு உள்ளதாகப் பொறுக்கி, அடியைக் கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, பாதி நீளம் மண்ணுக்குள் போகும்படி மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வைத்தால், மழைக்கால ஈரத்தில் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். தளிர் வந்ததும் பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். தளிர் குச்சியில் இருந்த சேமிப்பில் வருவது, வேர் அதற்குப் பிறகுதான். பெரிய பூ ஒட்டு ரகங்கள் குச்சியில் இவ்வளவு சுலபமாக வராது. வாசனை ரோஜா வளர்க்க ஆசைப்படுபவர்கள் நர்சரி வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்தக் கார்த்திகையில் பன்னீர் ரோஜா இருக்கும் வீட்டில் கவாத்து எப்போது என்று கேட்டு வைத்து, நாலு குச்சி வாங்கி ஊன்றுங்கள். நாலில் இரண்டு பிழைத்தாலே ஒரு வீட்டுக்குத் தாராளம்.